ஜெர்மனியில் படிக்க வருகிறவர்களுக்கு: வார நாட்களை ஒழுங்குசெய்து ஞாயிற்றுக்கிழமை ஊர் சுற்றுவது எப்படி?

ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை கடை திறக்காது. சட்டமே அப்படித்தான். பல ஊர்களில் சனிக்கிழமை இரவு 8 மணிக்கு சூப்பர்மார்க்கெட் மூடினால், அடுத்து திங்கள் காலைதான். பெரிய ரயில் நிலையங்களில் உள்ள கடைகள், பெட்ரோல் பங்க், சில மணி நேரம் மட்டும் திறக்கும் பேக்கரி தவிர வேறு வழி இருக்காது. புதிதாக வருகிறவர்கள் முதலில் மாட்டிக்கொள்வது இங்கேதான். சனிக்கிழமை முழுக்கத் தூங்கிவிட்டு ஞாயிறு காலை எழுந்தால் பால் இல்லை, வெங்காயம் இல்லை, தெருவில் ஆள் நடமாட்டமும் இல்லை. ஊர் நினைப்பு மனதை அழுத்துவதும் அன்றைக்குத்தான்.

ஆனால் அதே ஞாயிறுதான் இந்த நாட்டைப் பார்ப்பதற்கு ஏற்ற நாள். வேலைகளைச் சனிக்கிழமைக்குள் முடித்தவருக்கு அந்த நாள் முழுசாகக் கையில் இருக்கும். முடிக்காதவருக்குத் துணி துவைக்கக்கூட வழி இருக்காது. அதனால்தான் ஊர் சுற்றுவதைப் பற்றிப் பேச, ரயிலிலிருந்து தொடங்காமல் உங்கள் தபால் பெட்டியிலிருந்து தொடங்குகிறோம்.

முதல் இரண்டு வாரம்

ஜெர்மன் முகவரியில் தெருப் பெயரும் கட்டட எண்ணும் மட்டுமே இருக்கும். நம் ஊர் அடுக்குமாடிபோல் கதவு எண் எழுதும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. தபால்காரர் பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் கடிதம் போடுவார். பெயர் இல்லையென்றால் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். வங்கி அட்டையும் அதன் ரகசிய எண்ணும் தனித்தனிக் கடிதமாகத் தபாலில்தான் வரும், காப்பீட்டு அட்டையும் அப்படியே. ஆகவே சாவி கைக்கு வந்த அன்றே தபால் பெட்டியிலும் அழைப்பு மணியிலும் உங்கள் குடும்பப் பெயரை எழுதி ஒட்டுங்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பா பெயர் இருந்தால் அதைத்தான் ஒட்ட வேண்டும். உங்களை நண்பர்கள் எந்தப் பெயரால் கூப்பிட்டாலும் அரசுக்கு நீங்கள் அந்தப் பெயர்தான்.

குடிபுகுந்த 14 நாட்களுக்குள் முகவரிப் பதிவு செய்ய வேண்டும். இதற்கு அன்மெல்டுங் என்று பெயர். வீட்டு உரிமையாளரோ விடுதி நிர்வாகமோ கையெழுத்திட்ட சான்று ஒன்று தேவை. வாடகை ஒப்பந்தத்தைக் காட்டினால் மட்டும் போதாது. பெரிய நகரங்களில் நேரம் கிடைப்பதே கஷ்டம் என்பதால், புறப்படுவதற்கு முன்பே நகராட்சி இணையதளத்தில் இடம் தேடத் தொடங்குங்கள். 14 நாட்களுக்குள் தேதி கிடைக்காவிட்டால், முன்பதிவு செய்த நாளைக் காட்டும் மின்னஞ்சலைப் பத்திரமாக வைத்திருங்கள்.

பதிவு முடிந்த சில வாரங்களில், பொது வானொலி, டிவிக்கான ஒலிபரப்புக் கட்டணம் கேட்டுக் கடிதம் வரும். மாதம் 18.36 யூரோ, தலைக்கு அல்ல, ஒரு குடியிருப்புக்கு. நாலு பேர் சேர்ந்து ஒரே வீட்டில் இருந்தால் ஒருவர் கட்டினால் போதும். அவருடைய கட்டண எண்ணை வாங்கிப் பதிலில் எழுதி அனுப்புங்கள். ஆனால் விடுதியில் பொது நடைபாதையை ஒட்டிய தனி அறை தனிக் குடியிருப்பாகவே கணக்காகும். டிவி இல்லையே என்று கடிதத்தைக் குப்பையில் போட்டால் பாக்கி ஏறிக்கொண்டே போகும். மஞ்சள் உறையில் வரும் கடிதங்களில் கூடுதல் கவனம் வேண்டும். உறையின் மேல் எழுதிய தேதியிலிருந்து காலக்கெடு ஓடத் தொடங்கும், எனவே உறையையும் சேர்த்து வையுங்கள்.

இன்னும் இரண்டு காரியங்களை இதே வாரங்களில் முடியுங்கள். ஒன்று, வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு குடும்ப மருத்துவர். உடம்பு நன்றாக இருக்கும்போதே போய், புது நோயாளிகளைச் சேர்ப்பார்களா என்று கேட்டுவிடுங்கள். மற்றது, உங்களால் பிறருக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பீடு. ஜெர்மனியில் இதை ஹாஃப்ட்ஃப்லிஷ்ட் என்பார்கள். விடுதிச் சாவியைத் தொலைத்தால் சில இடங்களில் கட்டடம் முழுக்கப் பூட்டு மாற்றும் செலவு உங்கள் தலையில் விழும். சாவி இழப்பும் அடங்கிய திட்டமாகப் பார்த்து எடுங்கள்.

சாவி என்றதும் இன்னொன்று. இங்கே கதவு தானாகவே பூட்டிக்கொள்ளும்; வெளியே கைப்பிடி திரும்பாது. குப்பை போட அறைச் செருப்போடு இறங்கி, வெளியே மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. மாற்றுச் சாவியை நம்பகமான நண்பரிடம் கொடுத்து வையுங்கள். ஞாயிறு இரவு இணையத்தில் முதலில் தெரியும் பூட்டுத் திறப்பவரை அவசரத்தில் அழைத்தால் சில நூறு யூரோ போய்விடும். முதலில் கட்டடப் பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள். வேறு வழியே இல்லையென்றால் மொத்தத் தொகை எவ்வளவு என்பதைத் தொலைபேசியிலேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

அறையும் அடுப்பும்

தாளிக்கும் புகைக்குப் புகை எச்சரிப்பான் அலறும். அப்போது பெரும்பாலானோர் செய்யும் தவறு, புகை போகட்டும் என்று நடைபாதைப் பக்கக் கதவைத் திறப்பது. பல விடுதிகளில் நடைபாதையில் உள்ள கருவி நேரே தீயணைப்பு நிலையத்தோடு இணைந்திருக்கும். வண்டி வந்துவிட்டால் அதற்கான கட்டணம் உங்களிடம் கேட்கப்படலாம். நடைபாதைக் கதவை மூடி வைத்து, ஜன்னலை அகலத் திறந்து, புகைபோக்கி விசிறியைப் போட்டுவிட்டு அதன் பிறகு கடுகைப் போடுங்கள். கருவியின் மேல் பிளாஸ்டிக் உறை கட்டுவது வேண்டாம், ஆபத்து, விதிமீறலும்கூட.

குளிர்காலத்தில் ஜன்னலை மூடியே வைத்தால் சுவரில் பூஞ்சை பிடிக்கும். குக்கர் ஆவி, குளியல் ஈரம், அறைக்குள் காயும் துணி எல்லாம் குளிர்ந்த சுவரில் நீராகப் படிவதுதான் காரணம். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை, 5 முதல் 10 நிமிடம், ஜன்னலை முழுதாகத் திறங்கள். நாள் முழுக்கக் கொஞ்சமாகச் சாய்த்து வைப்பதால் சுவர்தான் குளிரும், ஈரம் போகாது. திறக்கும்போது ஹீட்டரைக் குறைத்துவிடுங்கள். ஹீட்டர் குமிழில் 3 என்பது சுமார் 20 டிகிரி. 5-இல் வைத்தால் அறை சீக்கிரம் சூடாகாது, அதிக வெப்பம் வரை போகும், அவ்வளவுதான். காலி செய்யும்போது சுவரில் பூஞ்சை இருந்தால் முன்பணத்தில் கழிப்பார்கள்.

ஊரிலிருந்து குக்கர் கொண்டுவருகிறீர்கள் என்றால் அடிப்பாகத்தில் காந்தம் ஒட்டுகிறதா என்று பாருங்கள். ஒட்டாத அலுமினியக் குக்கர் இண்டக்ஷன் அடுப்பில் சூடாகாது. மின்சாரம் 230 வோல்ட் என்பதால் நம் மிக்சி ஓடும். மூன்று முள் பிளக்குக்கு எர்த் இணைப்புள்ள மாற்றி மட்டும் வேண்டும். நெய், பால்கோவா போன்ற பால் பொருட்களையும் இறைச்சியையும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பெட்டியில் கொண்டுவரத் தடை உண்டு. சுங்கத்தில் எடுத்துப் போட்டுவிடுவார்கள்.

அரிசி, உளுந்து, கறிவேப்பிலை, முருங்கைக்காய் எல்லாம் ஈழத்தமிழர் நடத்தும் கடைகளில் கிடைக்கும். ஓரளவு பெரிய நகரங்களில் ஒன்றாவது இருக்கும். புதுச் சரக்கு என்றைக்கு வரும் என்று கடைக்கார அண்ணாவிடம் கேட்டு, அந்தக் கிழமையே போங்கள். கொத்தமல்லி, கத்திரிக்காய், வெண்டைக்காய், வாளித் தயிர் ஆகியவற்றுக்குத் துருக்கியர் கடை மலிவு. மற்றதெல்லாம் ஆல்டி, லிடில் போன்ற மலிவு விலைக் கடைகளில். குளிரில் இட்லி மாவு புளிக்காது. மாவுப் பாத்திரத்தை ஓவனுக்குள் வைத்து, பக்கத்தில் கொதிநீர் நிரப்பிய பாத்திரம் ஒன்றை வைத்து, ஓவன் விளக்கை மட்டும் போட்டுக் கதவை மூடுங்கள். 12 முதல் 16 மணி நேரம் பிடிக்கும், நடுவில் ஒருமுறை வெந்நீரை மாற்றுங்கள். ஓவனை மட்டும் இயக்கிவிடாதீர்கள். சூடு ஏறினால் மாவு புளிப்பதற்குப் பதில் ஓரத்தில் வெந்துவிடும்.

சனிக்கிழமைக் கணக்கு

சனிக்கிழமை காலை 11 மணிக்குள் கடைக்குப் போய்விடுங்கள். மதியத்துக்கு மேல் வரிசை நீளும். திங்கள் பொதுவிடுமுறை என்றால் இரண்டு நாளுக்குச் சேர்த்து வாங்க வேண்டும். ஈஸ்டர் சமயம் வெள்ளி, ஞாயிறு, திங்கள் மூன்றும் அடைப்பு, நடுவில் சனி மட்டும் திறந்திருக்கும். டிசம்பர் 25, 26 இரண்டு நாளும் விடுமுறை.

போகும்போது காலி பாட்டில்களை எடுத்துச் செல்லுங்கள். பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் கேனுக்கும் வாங்கும்போதே 25 சென்ட் பிடித்திருப்பார்கள். திரும்பப் பயன்படுத்தும் பீர் பாட்டிலுக்கு 8 சென்ட். கடை வாசலில் உள்ள இயந்திரத்தில் போட்டால் சீட்டு வரும், அதைக் கல்லாவில் கொடுத்தால் கழிப்பார்கள். பாட்டிலை நசுக்கினால் இயந்திரம் ஏற்காது. ஊறுகாய், ஜாம் கண்ணாடிக் குப்பிகளுக்கு இந்தக் காசு கிடையாது. தெருவில் வெள்ளை, பச்சை, பழுப்பு எனப் பிரித்து வைத்த தொட்டிகளில் போட வேண்டும். அதையும் ஞாயிற்றுக்கிழமை போடக் கூடாது, சத்தம் வரும் என்பதால். இரவு 10 முதல் காலை 6 வரையும் ஞாயிறு முழுவதும் அமைதி நேரம். சுவரில் ஆணி அடிப்பது, வாக்குவம் கிளீனர் போடுவது, சில விடுதிகளில் துணி துவைக்கும் இயந்திரம்கூட இதில் அடங்கும். எனவே துணியும் சனிக்கிழமையே.

ஞாயிறு பயணம்

பெரும்பாலான மாணவர்களிடம் நாடு முழுவதும் செல்லும் டாய்ச்லாண்ட் டிக்கெட் இருக்கும். 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கியது, 2025-இல் 58 ஆனது, 2026 ஜனவரி முதல் 63. ஒப்பந்தம் உள்ள பல்கலைக்கழகங்களில் இந்த விலையில் 60 சதவீதம் மட்டும் செமஸ்டர் கட்டணத்தோடு பிடிக்கப்படும். தனியாக வாங்கினால் அது மாதாமாதம் தானாகப் புதுப்பிக்கும் சந்தா. வேண்டாமென்றால் 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்யுங்கள். நகரப் பேருந்து, டிராம், யூ-பான் (சுரங்க ரயில்), எஸ்-பான் (புறநகர் ரயில்), ஆர்.பி., ஆர்.இ. என்ற உள்ளூர் ரயில்கள் எல்லாவற்றிலும் செல்லும். ஐ.சி.இ., ஐ.சி. என்ற நெடுந்தூர விரைவு ரயில்களிலும் ஃபிளிக்ஸ் நிறுவன வண்டிகளிலும் செல்லாது. உள்ளூர் ரயில் தாமதமாகிவிட்டது என்பதற்காக இதை வைத்துக்கொண்டு ஐ.சி.இ.-யில் ஏறவும் முடியாது.

டிக்கெட் போனில் இருந்தால் பேட்டரி உங்கள் பொறுப்பு. போன் அணைந்திருந்தால் டிக்கெட் இல்லாததற்குச் சமம், அபராதம் 60 யூரோ. அது உங்கள் பெயரில் உள்ள டிக்கெட் என்பதால் பின்னர் அலுவலகத்தில் காட்டிக் குறைத்துக்கொள்ளலாம், ஆனால் அலைச்சல். பவர் பேங்க் எடுத்துச் செல்லுங்கள். டிக்கெட்டோடு புகைப்படமுள்ள அடையாள அட்டையும் வேண்டும்.

திட்டமிடும்போது திரும்பி வரும் வண்டியை முதலில் பாருங்கள். இதைச் செய்யாததால்தான் நிறையப் பேர் இரவில் கிராமத்து நிறுத்தத்தில் நிற்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சிற்றூர்ப் பேருந்து இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று, மாலை 6-க்கு மேல் இல்லை என்பதெல்லாம் சகஜம். அட்டவணையில் ரூஃப்புஸ் என்று இருந்தால் அது தானாக வராது, முன்னதாகவே தொலைபேசியில் சொல்லி வைத்தால்தான் வரும். கடைசி வண்டியை நம்பாமல் அதற்கு முந்திய வண்டியில் திரும்புவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, ஜெர்மன் ரயில்வேயின் டிபி நேவிகேட்டர் செயலியில் உள்ளூர் வண்டிகள் மட்டும் என்ற வடிகட்டியைப் போட்டுத் தேடுங்கள். போடாவிட்டால் நடுவில் ஒரு ஐ.சி.இ. நுழைந்திருக்கும். வண்டி மாற 4 நிமிடம் என்று காட்டினால் அடுத்த இணைப்பையும் குறித்து வையுங்கள். தண்டவாளப் பராமரிப்பு பெரும்பாலும் வார இறுதியில்தான் நடக்கும், ஆகவே சனிக்கிழமை இரவு ஒருமுறை மறுபடி பாருங்கள். எஸ்.இ.வி. என்று தெரிந்தால் ரயிலுக்குப் பதில் பேருந்து, நிலையத்துக்கு வெளியே நிற்கும், நேரம் கூடும். பலகையில் ஃபெல்ட் அவுஸ் என்றால் வண்டி ரத்து. கிளைஸ் என்ற சொல்லோடு ஒலிபெருக்கியில் எண் கேட்டால் நடைமேடை மாறியிருக்கலாம். மற்றவர்கள் எந்தப் பக்கம் ஓடுகிறார்கள் என்று பார்த்து உறுதிசெய்யுங்கள்.

ஏறும்போது பெட்டியின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் ஊரைப் படியுங்கள். சில வண்டிகள், குறிப்பாகப் பவேரியாவில், நடுவழியில் இரண்டாகப் பிரிந்து முன்பாதி ஓர் ஊருக்கும் பின்பாதி வேறு ஊருக்கும் போகும். சரியான ரயிலில் ஏறித் தவறான ஊரில் இறங்குவது இப்படித்தான்.

பையில் தண்ணீர், மழைச்சட்டை, 20 யூரோ அளவு ரொக்கம், சில்லறை. நிலையக் கழிப்பறைக்குக் காசு வேண்டும், மலை உச்சிக் கடைகளில் அட்டை ஓடாமல் போகலாம். குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம். கைன் ட்ரிங்க்வாஸர் என்று எழுதிய குழாயில் மட்டும் வேண்டாம். புளிசாதம் கட்டிக்கொண்டு போனால் நாள் முழுக்கக் கெடாது. ஞாயிறன்று சிற்றூர்களில் உணவகம் தேடி அலையும் நேரமும் மிச்சம்.

முதலில் எங்கே?

டிரெஸ்டனுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் பாஸ்டைக்குப் போகலாம். எஸ்1 ரயிலில் சுமார் 40 நிமிடத்தில் ராத்தன் நிலையம், அங்கிருந்து எல்பே ஆற்றைப் படகில் கடந்து, அரை மணி முதல் முக்கால் மணி நேரம் ஏற்றம். ஆற்றுக்கு 194 மீட்டர் மேலே மணற்பாறைகளுக்கு நடுவே 1851-இல் கட்டிய கல்பாலம் நிற்கிறது. வந்த வழியே இறங்காமல் ஷ்வேடன்லோஹர் பாதையில் இறங்குங்கள். நூற்றுக்கணக்கான படிகள், பாறை இடுக்கில் நிழல். மழை பெய்த மறுநாள் அந்தப் படிகள் வழுக்கும், ரப்பர் அடிப்பிடி உள்ள காலணி இல்லையென்றால் தவிர்த்துவிடுங்கள்.

மேற்கில் இருப்பவர்களுக்கு ரைன் பள்ளத்தாக்கு. கோப்ளன்ஸிலிருந்து மைன்ஸ் போகும் உள்ளூர் ரயிலில் இடது பக்க ஜன்னலோரம் உட்காருங்கள். ஆறும் கோட்டைகளும் அந்தப் பக்கம்தான். பாக்கராஹ் போன்ற ஊரில் இறங்கி நடந்துவிட்டு அடுத்த வண்டியைப் பிடிக்கலாம். இந்த நீளத்தில் ஆற்றைக் கடக்கப் பாலம் இல்லை, படகுதான். எதிர்க்கரையில் உள்ள நிலையம் வரைபடத்தில் பக்கமாகத் தெரிந்தாலும் அதை வைத்துத் திட்டம் போடாதீர்கள்.

மியூனிக்கிலிருந்து எல்லோரும் நொய்ஷ்வான்ஷ்டைன் கோட்டைக்குத்தான் போவார்கள். ஃபுஸன் வரை சுமார் இரண்டு மணி நேர ரயில், பிறகு பேருந்து. டிக்கெட்டில் நுழையும் நிமிடம் வரை அச்சிட்டிருக்கும், தவறினால் டிக்கெட் வீண். கீழிருந்து ஏற 40 நிமிடம் ஆகும் என்பதைக் கணக்கில் சேருங்கள். உண்மையில் உள்ளே போகாவிட்டாலும் இழப்பில்லை. மரியன் பாலத்திலிருந்து பார்க்கும் காட்சிதான் அந்த இடத்தின் சிறப்பு, அதற்குக் காசில்லை.

ஹம் நகரின் ஊன்ட்ரோப் பகுதியில் உள்ள ஸ்ரீ காமாட்சி அம்பாள் கோயிலுக்கு ஒரு தடவையாவது போய்வாருங்கள். ஈழத்தமிழர்கள் எழுப்பியது, 2002-இல் குடமுழுக்கு கண்டது, தென்னிந்திய முறைப்படி கோபுரத்தோடு நிற்கிறது. மே, ஜூன் மாத வாக்கில் வரும் தேர்த் திருவிழா ஞாயிறன்று ஆயிரக்கணக்கில் கூட்டம் வரும். ஊர் நினைப்பில் வாடுகிற புது மாணவருக்கு அந்த ஒரு நாள் தவில் சத்தமும் தமிழ்ப் பேச்சும் செய்கிற நன்மையை வேறெதுவும் செய்யாது. நடை திறக்கும் நேரத்தைப் பார்த்துக்கொண்டு போங்கள், மதியம் சாத்தியிருக்கும்.

இதே டிக்கெட் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் வரை செல்லும். எல்லை தாண்டினால் பாஸ்போர்ட்டும் குடியிருப்பு அட்டையும் அசலாகக் கையில் வேண்டும், போன் படம் ஆகாது. 2024 செப்டம்பர் முதல் ஜெர்மனி எல்லா நில எல்லைகளிலும் சோதனை போட்டிருக்கிறது. விசா முடிந்து அட்டை இன்னும் வராமல், நடுவே ஒரு தற்காலிகச் சான்று மட்டும் வைத்திருப்பவர்கள் அதில் குடியிருப்புச் சட்டத்தின் 81-ஆம் பிரிவின் எந்த உட்பிரிவில் குறியிட்டிருக்கிறது என்று பாருங்கள். நான்காவது என்றால் ஜெர்மனிக்குத் திரும்ப நுழையலாம். மூன்றாவது என்றால் எல்லை தாண்டவே வேண்டாம்.

தண்ணீர், இருட்டு, உண்ணி

கோடையில் ஏரியில் இறங்கும் ஆசை எல்லோருக்கும் வரும். நீச்சல் தெரியாதவர்கள் இடுப்பளவு தண்ணீரில்கூட இறங்க வேண்டாம். பல ஏரிகளில் கரையிலிருந்து சில அடியில் திடீரென ஆழம். வெயில் 30 டிகிரி இருந்தாலும் அடியில் தண்ணீர் சில்லிட்டிருக்கும், நன்றாக நீந்துகிறவருக்கும் மூச்சு இறுகும். ரைன் ஆற்றில் யாரும் இறங்கக் கூடாது. சரக்குக் கப்பல் கடக்கும்போது கரையோரத் தண்ணீரை உள்ளிழுத்து, பிறகு அலையாகத் திருப்பி அடிக்கும். முழங்கால் அளவில் நிற்பவரையும் அது இழுத்துவிடும். நீந்த வேண்டுமென்றால் உயிர்காப்பாளர் இருக்கும் நீச்சல் பகுதிக்குப் போங்கள். பல்கலைக்கழக விளையாட்டுப் பிரிவில் மலிவாக நீச்சல் வகுப்பும் நடத்துவார்கள். பதிவு திறந்த சில நிமிடங்களில் இடம் தீர்ந்துவிடும், தேதியைக் குறித்து வையுங்கள்.

டிசம்பரில் பெர்லினில் மாலை 4-க்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். நடைப்பயணத்தை மதியம் 2-க்குள் முடிப்பதாகத் திட்டமிடுங்கள். தடித்த ஒரே குளிர் உடையை விட மெல்லிய மூன்று அடுக்கு உடை நல்லது. ஏறும்போது ஒன்றைக் கழற்றலாம், வியர்வை உள்ளே தங்கி நடுங்க வைக்காது. அவசரத்துக்கு 112, போலீசுக்கு 110. உயிருக்கு ஆபத்தில்லாத உடல்நலக் கோளாறு வார இறுதியில் வந்தால் 116117 எண்ணில் பணி மருத்துவரைக் கேட்கலாம்.

வசந்தம் முதல் இலையுதிர் காலம் வரை புல்லிலும் காட்டிலும் உண்ணி இருக்கும். முழுக்கால் சட்டை போட்டு, காலுறைக்குள் செருகி நடங்கள். வீடு திரும்பியதும் குளிப்பதற்கு முன் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், காதின் பின்புறம், தலைமுடி வரை பாருங்கள். ஒட்டியிருந்தால் மருந்தகத்தில் கிடைக்கும் உண்ணி இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக, மெதுவாக இழுங்கள். எண்ணெயோ தீக்குச்சியோ வைத்தால் அது இன்னும் கிருமியை உள்ளே விடும். பவேரியா, பாடன்-வுர்ட்டம்பெர்க் பகுதிகளில் உண்ணியால் மூளைக்காய்ச்சல் பரவும் ஆபத்து உண்டு, அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. உண்ணியால் பரவும் இன்னொன்றான லைம் நோய்க்குத் தடுப்பூசி கிடையாது. கடித்த இடத்தையும் தேதியையும் போனில் படமெடுத்து வைத்து, அடுத்த சில வாரங்கள் கவனியுங்கள். சிவப்பு வளையம் விரிந்துகொண்டே போனால் வலி இல்லையென்றாலும் மறுநாள் காலையே, முதல் இரண்டு வாரத்தில் பார்த்து வைத்த அந்தக் குடும்ப மருத்துவரிடம் படத்தோடு போய்விடுங்கள்.